ஆசிலோஸ்கோப் புரோப்: கோளாறு பார்க்கும் முறை

புரோப்பில் உள்ள கோளாறு திரையில் சர்க்யூட்டின் கோளாறாகவே தெரியும். அதனால்தான் நல்ல போர்டுகள்கூட வீணாகப் பிரிக்கப்படுகின்றன.

அளவு பத்து மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால், புரோப்பின் 1எக்ஸ்/10எக்ஸ் சுவிட்சும் ஸ்கோப்பின் சேனல் அமைப்பும் பொருந்தவில்லை என்று பொருள். அது பழுதே அல்ல. 1எக்ஸ் நிலையில் வேகமான சிக்னல் மழுங்குவதும் இயல்புதான்.

சதுர அலையின் மூலை உருண்டோ கூராக மேலெழும்பியோ தெரிந்தால் புரோப்பிலுள்ள டிரிம்மர் திருகைத் திருப்ப வேண்டும். 10எக்ஸ் நிலையில் முனையிலுள்ள 9 மெகாஓமும் ஸ்கோப்பின் 1 மெகாஓமும் மின்னழுத்தத்தைப் பங்கிடுகின்றன. கெப்பாசிட்டன்சும் அதே விகிதத்தில் பங்கிட்டால்தான் அலை சிதையாது. ஸ்கோப்புக்கு ஸ்கோப் அதன் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் மாறும். எனவே புரோப்பை வேறு ஸ்கோப்பில் மாட்டினால், முகப்பிலுள்ள 1 கிலோஹெர்ட்ஸ் முனையில் வைத்து, பிளாஸ்டிக் திருப்பியால் மறுபடி சரிசெய்ய வேண்டும். அரை நிமிட வேலைதான். கல்லூரி ஆய்வகங்களில் அதற்கும் நேரம் ஒதுக்குவோர் குறைவு.

திரை முழுக்க 50 ஹெர்ட்ஸ் அலை ஆடினால் கிரவுண்டு வயர் அறுந்திருக்கலாம். கூர்மையான விளிம்பை அடுத்து நடுக்கம் தெரிந்தால் அந்த வயரின் நீளம் அதிகம். 15 செ.மீ. வயரின் இண்டக்டன்ஸ், முனையின் சில பிகோஃபாரடுடன் சேர்ந்து 100 மெகாஹெர்ட்சை ஒட்டி அதிரும். முனையிலேயே சிறு ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டினால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். மெயின்சில் ஓடும் ஸ்கோப்பில் கிரவுண்டு வயரின் கிளிப் எர்த்தோடு இணைந்தது. லைனில் மாட்டினால் ஷார்ட்தான்.

கேபிள்தான் புரோப்பின் விசித்திரமான பகுதி. ஸ்கோப்பிலிருந்து கழற்றி, 1எக்ஸ் நிலையில் முனைக்கும் ஸ்கோப்பில் செருகும் பிஎன்சி இணைப்பியின் நடு ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் சில நூறு ஓம் காட்டும். பழுது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த ரெசிஸ்டன்ஸ் வேண்டுமென்றே வைத்தது. சாதாரணச் செம்புக்கம்பியாக இருந்தால் சிக்னல் கேபிளின் இரு முனைகளுக்கும் இடையே எதிரொலித்துக்கொண்டே இருக்கும். நடுக்கம்பியின் ரெசிஸ்டன்ஸ் அந்த எதிரொலியை விழுங்கிவிடுகிறது. அதற்காகவே கம்பி தலைமுடிபோல மெல்லியதாக, ரெசிஸ்டன்ஸ் மிகுந்த உலோகக் கலவையில் செய்யப்படுகிறது.

இதே அளவீட்டில் 10எக்ஸ் நிலையில் ஏறத்தாழ 9 மெகாஓம் வர வேண்டும். கேபிளை அசைக்கும்போது அளவு விட்டுவிட்டு வந்தால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. பெரும்பாலும் கைப்பிடியை ஒட்டிய வளைவில்தான் முறியும். அந்தக் கம்பியில் சாதாரண ஈயம் எளிதில் ஒட்டாது. செம்புக் கம்பி கொடுத்து ஒட்டுப்போட்டால் அலை கெடும். கேபிள் முறிந்த புரோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே சரி. புதியதையாவது கைப்பிடியில் இறுக்கிச் சுற்றாமல், பெரிய வளையமாகத் தளர்வாகச் சுருட்டி மாட்டி வையுங்கள்.