பின்வரிசையில் ஒருவர் எழுந்தால்

குரங்கணிக் கடையில் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டு உட்காருவோம். இந்த மலைகளில் பிறக்கும் கொட்டகுடி ஆறு போடி வழியாகப் போய் வைகையில் சேர்கிறது. கூட்டத்தில் பேசுவது எப்படி என்றுதான் பேசப்போகிறோம். அதற்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, வருவோம்.

முதலில் பயம். கிராம சபையில் எழுந்து பேசச் சொன்னால் நெஞ்சு படபடக்கிறது, நாக்கு வறள்கிறது. உடம்பில் அட்ரினலின் சுரப்பதுதான் காரணம். ஆபத்து என்று நினைத்து உடம்பு ஓடத் தயாராகிறது. பெரும்பாலும் முதல் ஓரிரு நிமிடம்தான் இதன் ஆட்டம். ஆகவே முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வோம், மூச்சை மெதுவாக வெளியே விடுவோம். மீதிக்குத் துண்டுச்சீட்டு போதும். இந்தப் பயத்தை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். அவர்களும் தடுமாறுவது, பின்வரிசையில் ஒருவர் எழுந்து “ஒரு சந்தேகம்” என்கிறபோது.

கேள்வி என்றால் பரீட்சை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதில் தெரிந்தால் ஜெயித்தோம், தெரியாவிட்டால் மானம் போயிற்று. இந்த நினைப்போடு நிற்கிறவர் கேள்வியை முழுதாகக் காதில் வாங்குவதே இல்லை. பாதியிலேயே தனக்குத் தெரிந்த பதில் ஒன்று கிடைத்துவிடுகிறது, அதைப் பிடித்துக்கொள்கிறார். பதில் சரியாகவே இருக்கும், கேட்டவருக்குத்தான் அது உதவாது.

இது எவ்வளவு பெரிய விஷயத்திலும் நடக்கும். தேவாரம் பக்கம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி, செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். விஞ்ஞானிகள் மக்களிடம் வந்து விளக்கினார்கள். நியூட்ரினோ மிக நுண்ணிய துகள். கொசுவலைக்குள் காற்று நுழைந்து போவதுபோல மலைக்குள்ளும் நம் உடம்புக்குள்ளும் புகுந்து போய்விடும். நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கில் இப்போதும் நமக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது.

அத்தனையும் உண்மை. ஆனால் மக்களின் கவலை துகளோடு நிற்கவில்லை. பாறைக்கு வெடி வைத்தால் சுற்றியுள்ள அணைகளுக்கு என்ன ஆகும்? கிணற்றில் தண்ணீர் இருக்குமா? மாடு மேய்க்க மலைக்குப் போக விடுவார்களா? இவற்றில் பலவற்றுக்கும் விளக்கம் சொல்லப்பட்டது. இருந்தாலும் பேச்சு திரும்பத் திரும்ப நியூட்ரினோவையே சுற்றி வந்தது என்பது என் கருத்து. 2022 பிப்ரவரியில், அனுமதி தர முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அரசு காட்டிய காரணங்களில் முக்கியமானவை புலிகளின் வழித்தடமும், கொட்டகுடி ஆற்றுக்கு நீர் தரும் மலைச்சரிவும். மலையைப் பற்றிய கேள்விதான் கடைசிவரை நின்றது.

இதையே சின்ன அளவில் பார்ப்போம். ஊராட்சிச் செயலர் புதுத் தண்ணீர் டேங்க் பற்றிச் சொல்கிறார். ஓர் அம்மா எழுந்து, “டேங்க் எத்தனை லிட்டர் தம்பி?” என்கிறார். “முப்பதாயிரம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தால் சரியான பதில்தான். அந்த அம்மா உட்காராமல் நிற்பார். “நீங்க எந்தத் தெரும்மா?” என்று செயலர் ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் வெளியே வரும்: “மேலத் தெரு. அந்த மேட்டுக்குத் தண்ணி ஏறுமான்னுதான் கேக்குறேன்.”

அதனால் பதிலுக்கு அவசரப்படாமல், கேள்வியை நம் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்வோம்: “தண்ணி மேட்டுக்கு ஏறுமாங்கறீங்க, அப்படித்தானே?” பின்வரிசைக்கும் கேள்வி கேட்கும், நமக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். எல்லாவற்றையும்விட, தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரே திருத்திவிடுவார்.

பதில் தெரியாவிட்டால்? “எனக்குத் தெரியலம்மா. போடி யூனியன் ஆபீசில் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்றேன்.” நாள் குறித்துச் சொன்னால் இதுவும் முழுப் பதில்தான். ஊகித்துச் சொல்வதுதான் ஆபத்து. ஊகம் தப்பானால், மறுநாளும் அதே ஆட்களின் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கும். கோபமாகக் கேட்பவரை முடிக்க விடுவோம், பிறகு பதிலை அவருக்கு மட்டுமல்லாமல் சபைக்கே சொல்வோம். கேள்வியே பிரசங்கமாக நீண்டால், “இதுல எதுக்கு முதல்ல பதில் சொல்லட்டும்யா?” என்று கேட்கலாம், கோபப்படாமல் சுருக்கிக்கொள்வார்கள்.

பழகுவதற்கு இடம் தேட வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. முதல் தடவை கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் எந்த இடத்தில் உங்களை விட்டுவிட்டு வேறு எங்கோ போகிறார் என்று கவனியுங்கள். போகிறார் என்று தெரிந்தால் உட்கார வேண்டாம். இன்னொரு முறை கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்களா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.