ஸ்ட்ரோலரில் குழந்தையின் விரல் சிக்கினால் யார் பொறுப்பு?

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

குழந்தைகள் பாதுகாப்பு பற்றி வானொலியில் ஒரு காலை நிகழ்ச்சி செய்தோம். நேயர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை முதல் நாள் இரவே உட்கார்ந்து கேட்டேன். உயர நாற்காலியிலிருந்து விழுந்த குழந்தை, கட்டில் கம்பிக்குள் காலை மாட்டிக்கொண்ட குழந்தை, நடைவண்டியோடு படியில் உருண்ட குழந்தை... பேசியவர்களில் அம்மாக்கள், பாட்டிகள், ஓர் அப்பா. எல்லாப் பதிவிலும் எங்காவது ஓரிடத்தில் அந்த ஒரு வரி வந்துவிட்டது. நாற்காலியையோ கட்டிலையோ ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. கிள்ளானில் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடம். அக்கா மகனுக்கு அப்போது பதினைந்து மாதம். அம்மா அவனை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, மடித்து வைத்திருந்த ஸ்ட்ரோலரை விரித்தார். அவன் வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்திருந்தான். விரிந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் அந்தக் கீலுக்குள் அவனுடைய மோதிர விரல் இருந்தது. கிளினிக்கில் பார்த்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். நகத்தோடு விரல் நுனி போய்விட்டது. திரும்ப ஒட்ட முடியவில்லை.

அத்தான் அன்று எதுவும் பேசவில்லை. மறுவாரம் பழைய இரும்பு வாங்க வந்த லாரிக்காரரிடம் வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அம்மா அதற்குப் பிறகு பேரனை வெளியில் தனியாக அழைத்துப் போவதே இல்லை. "பாட்டி கை தவறிடுச்சு" என்பதுதான் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொன்ன விளக்கம். அம்மாவும் அதையேதான் சொன்னார்.

அந்தக் காலை நிகழ்ச்சிக்காகத் தகவல் தேடியபோதுதான் மெக்லாரன் கதையைப் படித்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணினியை மூடி வைத்துவிட்டேன்.

குடை போல மடிகிற ஸ்ட்ரோலரை உலகத்துக்குக் கொடுத்தவர் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்த அனுபவம் உள்ளவர். 1965-இல் வடிவமைத்தார், இரண்டு ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அலுமினியக் குழாய், எடை மூன்று கிலோ அளவு, ஒரு கையால் மடிக்கலாம். பேரப்பிள்ளைக்காக ஒரு தாத்தா யோசித்த வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் மடிக்கிற பொருளுக்குக் கீல் வேண்டும். இரண்டு உலோகத் துண்டுகள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று கடக்கிற இடம் அது.

2009 நவம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் மெக்லாரன் நிறுவனமும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. 1999 முதல் அங்கே விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கான 'ரீகால்' அறிவிப்பு. அதற்குள் 12 குழந்தைகள் விரல் நுனியை இழந்திருந்தார்கள். எப்படி? வண்டியை விரிக்கும்போது, கீலில் கை வைத்திருந்ததால். தீர்வு என்ன தெரியுமா? கீலை மூடும் ஒரு துணி உறை. இலவசமாக அனுப்பி வைத்தார்கள். பிரிட்டனில் அதே வண்டியை வாங்கியவர்களுக்கு முதலில் அந்த உறை அறிவிக்கப்படவில்லை. பெற்றோர்கள் கொதித்தெழுந்த பிறகே அங்கும் கொடுக்க முன்வந்தார்கள்.

மெக்லாரனோடு முடியவில்லை. 2014 நவம்பரில் கிராக்கோ நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 47 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்கு அதே மாதிரி அறிவிப்பு விட்டது. அங்கும் மடிப்புக் கீல்தான். ஆறு குழந்தைகளுக்கு விரல் நுனி முழுதாகவும், நான்கு பேருக்குப் பாதியாகவும் போயிருந்தது. அதே நிறுவனம் 2010-இலும் ஒருமுறை கீலுக்காக 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தது.

எங்கள் வீட்டு வண்டி இந்த இரண்டு நிறுவனங்களுடையதும் இல்லை. வேறு பெயர், கிள்ளானில் ஒரு கடையில் புதிதாக வாங்கியது. ஆனால் அதே சனிக்கிழமை வேறு எத்தனையோ ஊர்களில் நடந்திருக்கிறது. கவனம் இல்லாத பாட்டி ஒருவர் இருக்கலாம். ஒரே மாதிரி விரலைப் பறிகொடுத்த பன்னிரண்டு குடும்பத்திலும் கவனம் இல்லை என்று சொல்ல முடியுமா?

நிறுவனங்கள் முதலில் அதைத்தான் சொல்லும். ஓட்டப்பயிற்சிக்குப் போகும் பெற்றோருக்கான 'பாப்' ரக மூன்று சக்கர ஸ்ட்ரோலர் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அதன் முன்சக்கரத்தைக் கருவி இல்லாமல் சட்டென்று கழற்றலாம், மாட்டலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சக்கரம் கழன்று வண்டி குப்புற விழுந்ததாக 200 புகார்கள். குறைந்தது 50 குழந்தைகளும் 47 பெரியவர்களும் காயப்பட்டார்கள் என்று சொல்லி, 2018 பிப்ரவரியில் அமெரிக்க ஆணையமே பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 'வண்டியில் குறை இல்லை, சக்கரத்தைச் சரியாக மாட்டவில்லை' என்பது நிறுவனத்தின் வாதம். அந்த ஆண்டு இறுதியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ரீகால் கிடையாது, சக்கரத்தை மாட்டுவது எப்படி என்று ஒரு விளக்கக் காணொளி, மாற்று உதிரிபாகம் அல்லது விலைக் கழிவு. இத்தனை பேர் தவறாக மாட்ட முடிகிற சக்கரத்தைச் சரியான வடிவமைப்பு என்று எப்படிச் சொல்வது? எனக்கு இன்னும் புரியவில்லை.

ரீகால் வந்தாலும் அது வீடு வந்து சேர வேண்டுமே. 1998-இல் சிகாகோவில் குழந்தைப் பராமரிப்பாளர் ஒருவரின் வீட்டில், மடக்குக் கட்டில் ஒன்று சரிந்து டேனி கெய்சார் என்ற ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை இறந்துபோனான். அந்தக் கட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்ட பொருள். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள், ஓர் அமைப்பையும் தொடங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து அந்தக் குழந்தையின் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது. இன்று ஸ்ட்ரோலர் பெட்டிக்குள் 'வாங்கியவர் விவரம்' கேட்டு ஒரு சின்ன அட்டை இருந்தால், அது அந்தச் சட்டத்தின் வழி வந்தது. நாம் பெட்டியோடு தூக்கிப் போடுகிறோமே, அதேதான். எங்கள் அக்காவும் போட்டார்.

சரி, மலேசியாவில் நமக்கு என்ன வழி?

வழக்கறிஞராக இருக்கும் கல்லூரித் தோழியிடம் கேட்டேன். நெகிரி செம்பிலானுக்குப் போகும் வழியில், காரில் இருந்தபடியே ஒரு மணி நேரம் பேசினாள். எனக்குப் பெரிய ஆச்சரியம், நம்முடைய 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி. குறையுள்ள பொருளால் காயம்பட்டால், தயாரிப்பாளர் அலட்சியமாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. பொதுவாக மக்கள் எதிர்பார்க்கிற பாதுகாப்பு அந்தப் பொருளில் இல்லை, அதனால்தான் காயம் வந்தது என்று காட்டினால் போதும். 'எதிர்பார்க்கிற பாதுகாப்பு' என்பதில், அந்தப் பொருளை மக்கள் சாதாரணமாக எப்படிக் கையாள்வார்கள், என்ன எச்சரிக்கை எழுதியிருந்தது என்பதெல்லாம் சேரும். ஸ்ட்ரோலரை விரிக்கும்போது குழந்தை பக்கத்தில் நிற்கும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

"வெளிநாட்டுக் கம்பெனியை எங்கே போய்த் தேடுவது?" என்றேன். தேட வேண்டாமாம். தயாரிப்பாளரோடு, தன் பெயரையோ சின்னத்தையோ ஒட்டி விற்றவரும், வியாபாரத்துக்காக இந்த நாட்டுக்குள் இறக்குமதி செய்தவரும் பொறுப்பாளிகள். விற்ற கடைக்காரரிடம் 'இதை யாரிடமிருந்து வாங்கினீர்கள்?' என்று எழுத்தில் கேட்டு, அவர் நியாயமான காலத்துக்குள் சொல்லவில்லை என்றால் அவரும் மாட்டிக்கொள்வார். 'காயத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று பெட்டியில் எழுதி வைத்தாலும் செல்லாது. இணையத்தில் நேரடியாக வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் கதை வேறு. இங்கே இறக்குமதியாளர் என்று பிடித்து உட்கார வைக்க ஆளில்லை. முப்பது ரிங்கிட் மிச்சம் பார்க்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் உடனே, "அப்போ திரிபுனலுக்குப் போயிடலாமா?" என்றேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தைப் பற்றி வானொலியில் எத்தனை முறை பேசியிருக்கிறேன்! ஐந்து ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

"போகலாம். ஸ்ட்ரோலர் விலையைக் கேட்க மட்டும்" என்றாள்.

அந்த மன்றத்துக்கு உடல் காயம், மரணம் தொடர்பான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் கிடையாது. அதே சமயம் பத்தாம் பகுதியில், குறையுள்ள பொருளின் சொந்த விலையைக் கேட்க முடியாது. ஆக, வண்டிக்கு ஓர் இடம், விரலுக்கு வேறோர் இடம். விரலுக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்: ஒரு லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். இதைத் தெரியாமல் திரிபுனல் பாரத்தை நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் இருப்பார்கள். இத்தனை நாள் நானே வானொலியில் இந்த வித்தியாசத்தைச் சொன்னதில்லை.

அமெரிக்கப் படங்களில் வருகிற மில்லியன்களை மனதில் வைத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம் என்றும் சொன்னாள். இங்கே நீதிமன்றங்கள் முந்தைய தீர்ப்புகளைப் பார்த்துத்தான் வலிக்கும் இழப்புக்கும் தொகை போடுகின்றன. வழக்குச் செலவையும் யோசிக்க வேண்டும். கடைக்காரர் 'நல்லெண்ணமாக' ஒரு தொகையும் கையெழுத்துப் போட ஒரு தாளும் நீட்டினால், உடனே போட்டுவிடக் கூடாது. குழந்தைக்கான வழக்கில் பெரியவர்கள் செய்துகொள்ளும் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் வேண்டும். வழக்குக் குழந்தையின் பெயரில்தான், பெரியவர் ஒருவர் அவனுக்காக நின்று நடத்துவார்.

காலக்கெடுவைப் பற்றிக் கேட்கவே பயமாக இருந்தது. இரண்டு வருடம் ஆகிவிட்டதே. பெரியவர்களுக்கு ஆறு ஆண்டு. குழந்தைக்கு அந்த ஆறு ஆண்டு 18 வயது முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதாவது அக்கா மகனுக்கு 24 வயதாகும்வரை கதவு திறந்திருக்கிறது.

"வண்டி எங்கே இருக்கு?" என்று கடைசியாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள். கீலில் இடைவெளி எவ்வளவு, உறை இருந்ததா, பூட்டு எப்படி விழுகிறது என்று நிபுணர் ஒருவர் பார்த்துச் சொல்ல, கையில் அந்த வண்டி வேண்டும். கோபத்தில் தூக்கிக் கொடுத்தது அத்தான் மட்டுமில்லை. 'கண்ணில் படாம இருந்தா போதும்' என்று நானும்தான் அன்று சொன்னேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், கீழே இருக்கும் மாடல் எண்ணையும் தொடர் எண்ணையும் படம் எடுத்துவிட்டு, வண்டியைப் பழுது பார்க்காமல், துடைக்காமல் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டுங்கள். ரசீது, மருத்துவ அறிக்கை, காயத்தின் படங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். கடைக்காரர் 'கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்' என்றாலும் கொடுத்துவிடாதீர்கள்.

நிகழ்ச்சி முடிந்த அன்று மாலை அம்மாவைப் பார்க்கப் போனேன். மெக்லாரன் அறிவிப்பையும், கீல் உறையின் படத்தையும் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்வளவு சின்னத் துணிதானா?" என்றார். பிறகு, "நம்ம வண்டியில இது இருந்துச்சா?"

"இல்லம்மா."

போன வாரம் அக்கா அழைத்தார். பழைய மின்னஞ்சலில் கடை ரசீது கிடைத்துவிட்டது, மாடல் பெயரோடு. தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த ஒரு படமும் இருக்கிறது. தம்பிக்குட்டி வண்டியில் உட்கார்ந்து கையை ஆட்டுகிறான், பக்கத்தில் அந்தக் கீல் தெளிவாகத் தெரிகிறது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் யாரையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று தோழி கேட்டிருக்கிறாள். அக்கா பழைய பொருள் விற்கும் பக்கங்களில் தேடிக்கொண்டிருக்கிறார். ஆள் கிடைத்தால் வண்டியை வாங்கிக்கொள்வதோடு, அவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.