தபாலில் வந்த கணக்கு

இரும்புலியூரில் ஒரு கணித ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் நீந்தி வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிடுகிறது. பிறகு சமையல், பிள்ளைகளின் பாடம். பயிற்சி வகுப்புக்கென்று பட்டணம் போய்வர அவருக்கு நேரம் ஏது? பாடம்தான் அவரைத் தேடி வரவேண்டும்.

வரட்டும். ஆனால், கணக்குப் போடும் சாமர்த்தியத்தைத் தூரத்தில் இருந்துகொண்டு கற்றுக் கொடுக்க முடியுமா? சூத்திரத்தைத் தபாலில் அனுப்பலாம். யோசிக்கும் பழக்கத்தை எப்படி அனுப்புவது?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷங்களுக்கு முன்பே விடை கிடைத்திருக்கிறது.

டெபுடி கலெக்டரின் யோசனை

1907-ல் வி. ராமஸ்வாமி அய்யர் என்ற டெபுடி கலெக்டர், கணிதப் பிரியர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே பிற்பாடு இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. அங்கத்தினர்கள் பல ஊர்களில் சிதறி இருந்தார்கள். கணிதப் பத்திரிகைகள் அவர்களிடையே தபாலில் சுற்றி வந்தன. சங்கத்தின் சொந்தப் பத்திரிகையில் கணக்குகள் வெளியாகும். படிப்பவர்கள் விடை எழுதி அனுப்புவார்கள்.

1911-ல் 289-ஆம் எண்ணிட்ட கணக்கு ஒன்று வந்தது. அனுப்பியவர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. அதன் மதிப்பு என்ன? மாதங்கள் சென்றன. ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே சொன்னார்: 3!

சூட்சுமம் இதுதான். 3-ன் வர்க்கம் 9. அது 1 கூட்டல், 2 பெருக்கல் 4. அந்த 4-ன் வர்க்கம் 16. அது 1 கூட்டல், 3 பெருக்கல் 5. அந்த 5-ன் வர்க்கம் 25. அது 1 கூட்டல், 4 பெருக்கல் 6. இப்படியே ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். ஆனால், விடையைப் பார்க்குமுன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவருக்குத்தான் அதன் ருசி தெரியும்.

மணி அடிக்காத வகுப்பு

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா, 1945-ல் வெளியிட்ட நூலில் கணக்குத் தீர்க்க நான்கு படிகளைச் சொன்னார். கணக்கைப் புரிந்துகொள்வது, வழி தேடுவது, வழியைச் செய்து பார்ப்பது, விடை வந்தபின் திரும்பிப் பார்ப்பது. பள்ளிக்கூடத்து அவசரத்தில் முதல் படியும் கடைசிப் படியும் பறிபோய்விடுகின்றன. மணி அடித்துவிடுகிறதே! வீட்டுக்கு வரும் கணக்குக்கு மணி கிடையாது. தூரம் இங்கே தடையல்ல, அனுகூலம்.

பதில் வரவேண்டும்

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 1985-ல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாணவர் அனுப்பும் விடைத்தாளைத் திருத்தி, குறிப்பு எழுதித் திருப்பித் தரும் முறையைக் கைக்கொண்டது. அந்தக் குறிப்புதான் உயிர். எந்த வரியில் சறுக்கினோம் என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் அல்லவா மறுமுறை கால் ஊன்ற முடியும்?

2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெறவேண்டும் என்றாயிற்று. நாடெங்கும் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், வேலை போய்விடுமோ என்ற கவலையோடு தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பயிற்சியில் சேர்ந்தார்கள். இணையத்திலும் தொலைக்காட்சியிலும் பாடம் வந்தது. நேர்முக வகுப்புகளும் உண்டு. இத்தனை பேருக்கும் பாடத்தை எட்டச் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் தொலைக்காட்சி பேசும்; கேட்காது. கணக்கில் திணறுகிறவருக்குக் கேட்கும் காதும் வேண்டும்.

இரும்புலியூர் ஆசிரியைக்கு வாரம் ஒரு கணக்கும், அவர் போட்ட வழியைப் படித்துப் பதில் எழுத ஒருவரும் இருந்தால் போதும். மறுநாள் வகுப்பில் ஒரு சிறுமி, “வரலை மிஸ்” என்று சிலேட்டும் முகமுமாக நிற்கும்போது, அவர் சட்டென்று விடையைக் கரும்பலகையில் எழுதிவிட மாட்டார்.

“எதுவரைக்கும் வந்தது? அதைச் சொல்லு” என்று கேட்பார். முந்தின இரவு தமக்கும் வராமல் தவித்தவர் அல்லவா!