தொழிற்றலைமையும் டெமிங் கண்ட நெறியும்

பெருந்தொழில்களை நடாத்துதல், அவற்றுக்கு வழிவகுத்தல், காலத்துக்கேற்ப மாற்றியமைத்தல் என்பன பற்றிச் சென்ற நூற்றாண்டில் மேனாட்டறிஞர் எழுதிய நூல்கள் மிகப் பல. நம் பழைய மாணவருட் பலர் இன்று வங்கிகளிலும் கம்பனிகளிலும் திணைக்களங்களிலும் பிறரை ஏவி வேலைகொள்ளும் பதவிகளில் அமர்ந்துள்ளனர். இன்றைய மாணவர் சிலர் நாளை அவ்விடங்களை அடைவர். அன்னார்க்கு அந்நூல்கள் கூறுவனவற்றுள் யாது பயன்படும் எனச் சிந்தித்தல் இம்மலருக்கு ஏற்புடைத்தாம். தமிழாசிரியருக்கு வணிக நூலில் என்ன அலுவல் எனச் சிலர் நகைத்தல் கூடும். வகுப்பறையும் ஒரு வேலைத்தலமே. ஆங்கும் ஒருவர் ஏவப் பலர் செய்கின்றனர். தவறு நேர்ந்தவிடத்து அது யாருடையது என்னும் வினாவும் ஆங்கு எழுகின்றது. அவ்வினாவைத் துருவி ஆராய்ந்தவர் வில்லியம் எட்வேட்ஸ் டெமிங் என்பார். ஆதலின் பலரையுந் தொட்டுச் செல்லாது அவரொருவரையே ஈண்டு விரித்துரைப்பாம்.

டெமிங்குக்கு முன்னர் இத்துறையிற் கொடிகட்டி நின்றவர் பிரெடரிக் டெயிலர். 1911 இல் வெளிவந்த அவர்தம் நூல், ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு கூறுகளாக்கி, நேரமளந்து, செய்யும் முறையை மேலிருப்போரே வகுத்துக் கொடுத்தல் வேண்டுமென்றது. இதனால் உற்பத்தி பெருகியது உண்மை. எனினும், திட்டமிடுவோர் ஒருபுறமும் செய்வோர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். வேலை பிழைத்தால் செய்தவனே பிழைத்தான் என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

டெமிங் 1900 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திற் பிறந்தார். 1928 இல் யேல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்க விவசாயத் திணைக்களத்திற் பணிபுரிந்தார். அக்காலத்தில் பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வோல்டர் ஷூஹார்ட் என்பாரின் ஆராய்ச்சி அவரைக் கவர்ந்தது. ஷூஹார்ட் 1924 இல் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். எப்பொருளைச் செய்தாலும் ஒன்றுபோல் ஒன்று அமையாது. அவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் இருவகைப்படும் என்பதே அது. நாடோறும் ஒரே வழியாற் கல்லூரிக்கு நடந்துவரும் மாணவன் ஒருநாள் 20 நிமிடத்திலும் மறுநாள் 23 நிமிடத்திலும் வந்து சேர்கின்றான். இதற்குத் தனிக்காரணந் தேடுதல் வீண். வழியின் நெரிசல், வெயில், நடையின் வேகம் ஆகிய யாவும் சேர்ந்து விளைப்பது இது. ஒருநாள் வெள்ளம் வழிமறிக்க 50 நிமிடஞ் சென்றதாயின், அஃது வேறு. அதற்குக் காரணம் உண்டு, தேடலாம். முன்னையதைப் பொதுக்காரணத்தால் வருவது என்றும், பின்னையதைச் சிறப்புக்காரணத்தால் வருவது என்றும் டெமிங் வழங்கினார். இவ்விரண்டையும் பிரித்தறியாத தலைவன் ஓயாது தண்டிப்பான், ஓயாது பரிசளிப்பான், இரண்டாலும் ஒன்றும் ஆகாது.

இதனைச் சொல்லால் மட்டும் உணர்த்தின் எவருங் கேளார் என்பதை அறிந்த டெமிங், தம் கருத்தரங்குகளில் ஒரு சோதனையை நடாத்திக் காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 3,200 வெண்மையானவை, 800 சிவப்பு. சபையோரில் அறுவர் தொழிலாளராக முன்வருவர். ஐம்பது குழிகள் கொண்ட பலகையொன்றைப் பெட்டியுள் அமிழ்த்தி எடுத்தலே அவர்க்கு விதிக்கப்பட்ட தொழில். வெள்ளைமணி நற்பண்டம், சிவப்புமணி கழிவுப் பண்டம். வாங்குவோர் வெள்ளையையே ஏற்பர். மேற்பார்வையாளராக வேடம் பூணும் டெமிங், பலகையை எவ்வாறு பிடித்தல், எவ்வளவு சரித்தல் என்பனவற்றைக் கடுமையாகப் பயிற்றுவிப்பார். பரிசோதகர் இருவர் சிவப்பு மணிகளைத் தனித்தனியே எண்ணுவர், வேறொருவர் கணக்கெழுதுவர்.

முதல்நாள் என ஒரு சுற்று நிகழும். ஒருவர்க்கு ஐந்து சிவப்பு வரும். மற்றொருவர்க்குப் பதினைந்து வரும். ஐந்து எடுத்தவர் சபையோர் முன்னிலையிற் பாராட்டப்பட்டுச் சம்பள உயர்வு பெறுவர். பதினைந்து எடுத்தவர் எச்சரிக்கப்படுவர். மறுநாட் சுற்றிற் பாராட்டுப் பெற்றவர்க்குச் சிவப்பு மிகும், எச்சரிக்கப்பட்டவர்க்குக் குறையும். பாராட்டு அவரைக் கெடுத்தது, கண்டிப்பு இவரைத் திருத்தியது என மேற்பார்வையாளர் முடிவு கட்டுவார்! பின்னர், தரத்தைப் போற்றுக என்னும் வாசகங்கள் சுவரில் ஏறும். அதுவும் பலியாதொழிய, கடையர் மூவரை விலக்கி, முதன்மையான மூவரைக் கொண்டு இருமடங்கு வேலை நடைபெறும். அப்போதும் சிவப்பு குறையாது, தொழிற்சாலை மூடப்படும். வேடிக்கையாகத் தொடங்கிய சோதனையின் முடிவிற் சபை அமைதியுறும் என்பர். நம் அலுவலகங்களில் ஆண்டுதோறும் நிகழ்வதும் இதுவன்றோ என்று அவரவர்க்குத் தோன்றுதலே காரணமாகும்.

கணக்கிட்டுப் பார்ப்பின், ஐந்திலொரு பங்கு சிவப்பாயுள்ள பெட்டியிலிருந்து 50 மணிகள் எடுக்குங்கால், சராசரி ஏறக்குறையப் பத்துச் சிவப்பு வரும். 1 முதல் 18 வரை எத்தொகை வரினும் வியப்பில்லை. ஆதலின் ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொழிலாளியின் திறமையைக் குறித்ததன்று, பெட்டியைக் குறித்தது. பெட்டியுட் சிவப்பு மணிகளை இட்டவர் மேலிருப்போர்; அவற்றை நீக்கவல்லாரும் அவரே. தொழிலிடங்களில் நேரும் இடர்ப்பாடுகளுள் நூற்றுக்கு 94 அமைப்பு முறையைச் சார்ந்தவை, எஞ்சிய 6 மட்டுமே சிறப்புக்காரணத்தால் விளைவன எனத் தமது அநுபவத்தைக்கொண்டு டெமிங் மதிப்பிட்டார். இது மதிப்பீடேயன்றி அளந்து கண்ட தொகையன்று. எல்லாவிடத்தும் 94 என வாய்பாடாக ஒப்புவித்தல் அவர் கருத்தாகாது.

இனி, இக்கருத்து மாற்றத்தை விளைத்த வரலாறு. போரின் அழிவிலிருந்து எழ முயன்ற யப்பானில், 1946 இல் அமைந்த விஞ்ஞானிகள் பொறியியலாளர் சங்கம் 1950 இல் டெமிங்கை விரிவுரைக்கு அழைத்தது. யப்பானியப் பண்டமெனின் மலிவும் இழிவும் என்று உலகம் எள்ளிய காலம் அது. பொறியியலாளர்க்கு மட்டுங் கற்பித்தல் போதாது, முதலாளிகளே வந்து கேட்டல் வேண்டுமென்று டெமிங் வற்புறுத்தினார். அவ்வாண்டு யூலை மாதத்தில் பெருந்தொழிற்றலைவர்கள் கூடி அவர் உரையைக் கேட்டனர். அவர் விட்டுக்கொடுத்த விரிவுரை நூலின் வருவாயைக் கொண்டு 1951 இல் டெமிங் பரிசு நிறுவப்பட்டது. யப்பானை உயர்த்தியவர் இவரொருவரே எனச் சிலர் எழுதுவது மிகைக்கூற்று. கௌரு இஷிகாவா முதலிய அந்நாட்டறிஞரும், 1954 இல் ஆங்குச் சென்ற யோசேப் யுரானும் செய்த பணி சிறிதன்று. எல்லாவற்றினும் மேலாக, தலைவர்கள் மாணவராக அமர்ந்து கேட்டனர் என்பதே நாம் நோக்கத்தக்கது.

அவர் பிறந்த நாடோ அவரை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1980 யூனில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் பின்னரே அமெரிக்கக் கம்பனிகள் அவரை நாடின. அப்போது அவர்க்கு வயது எழுபத்தொன்பது. மறுவருடம் போட் மோட்டார்க் கம்பனி அழைத்தபோது, கார்களைப் பற்றிப் பேசுவார் என எதிர்பார்த்தவரிடம், அவர்தம் முகாமையைப் பற்றியே அவர் வினாவினார்.

இத்துறை அறிஞர் யாவரும் ஒத்த கருத்தினரல்லர். பீற்றர் டிறக்கர் 1954 இல் எழுதிய நூலில், ஒவ்வொரு முகாமையாளரும் குறிக்கோள் வகுத்துக்கொண்டு தம்மைத் தாமே கட்டுப்படுத்திப் பணிபுரிதல் வேண்டுமென்றார். டெமிங்கோ எண்ணிக்கை இலக்குகளை ஒழிமின் என்றார். எம் கருத்தில் இருவரும் அத்துணை முரணினாரல்லர். டிறக்கர் கூறிய தன்கட்டுப்பாட்டைக் கைவிட்டு, இலக்கை மட்டும் மேலிருந்து கீழே எறிந்த பிற்காலத்தாரின் செயலே டெமிங் கண்டித்ததோடு நேரே பொருந்துவது.

எண்ணிக்கை இலக்கின் தீமை ஆசிரியர்க்குப் புதிதன்று. 1862 இல் இங்கிலாந்திற் பெறுபேற்றுக்கேற்ற கொடை என்னும் முறை புகுத்தப்பட்டது. பரிசோதகர் முன்னிலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் ஒரு பிள்ளை தவறுந்தோறும் 2 சிலிங் 8 பென்ஸ் பாடசாலைக் கொடையிற் குறைக்கப்பட்டது. விளைவு யாது? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனஞ் செய்தனர். ஏனைய பாடங்கள் ஒதுங்கின. பரிசோதகராயிருந்த புலவர் மத்தியூ ஆனல்ட் இதனை வன்மையாக எதிர்த்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அங்கு அம்முறை கைவிடப்பட்டது. அம்முறை நம்மிலங்கையிலும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிற்று. பெறுபேறு வெளியாகுந்தோறும் ஓராண்டு கூடியதற்கு மகிழ்ந்து மறு ஆண்டு குறைந்ததற்கு யாரையோ குற்றஞ்சாட்டும் நம் வழக்கம், அதன் எச்சமோ என ஐயுறுகின்றோம். பத்தாண்டுப் பெறுபேறுகளை ஒரு வரைபடத்தில் வரிசையாகக் குறித்துப் பார்ப்பின், அவ்வேற்றத்தாழ்வுகளுட் பெரும்பாலன பொதுக்காரணத்தவை என்பது புலப்படக்கூடும். உண்மையில் ஓராண்டு எல்லை கடந்து வீழ்ந்திருப்பின் அதனையும் அப்படமே காட்டும். அப்போது காரணந் தேடுதல் தகும்.

டெமிங் 1946 தொடக்கம் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தார். மாணவரைத் தரப்படுத்திப் புள்ளியிடுதலை அவர் விரும்பவில்லை. யாவரையுஞ் சித்தியெய்தியவராகவே குறித்தார். விடைத்தாள்களை வாசிக்காமல் விட்டாரல்லர். ஆசிரியராகிய தாம் எங்ஙனம் கற்பித்தார் என்பதையும், எம்மாணவனுக்குத் தனியுதவி வேண்டும் என்பதையும் அறிதற்காகவே வாசித்தார். பரீட்சைத் திணைக்களத்தின் கீழுள்ள நாம் புள்ளியிடாதிருத்தல் இயலாது. ஆயின் தவணைப் பரீட்சைத் தாளைத் திருத்துங்கால், வகுப்பிற் பெரும்பாலார் ஒரே வினாவிற் பிழைத்திருக்கக் காணின், சிவப்பு மையைச் சற்றே கீழேவைத்து, அப்பகுதியை யாம் கற்பித்த பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தல் இயலும்.