தோடு போட்ட காது ஏன் கடிக்கிறது?

கலியாண வீட்டுக்கென்று கவரிங் தோடும் அட்டியலும் அணிந்து போகிறோம். ஓரிரு நாளில் காதும் கழுத்தும் சிவந்து, கடித்து, நீர் வடியத் தொடங்குகிறது. ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த அன்ரிபயோற்றிக் களிம்பைத் தேடியெடுத்துப் பூசுகிறோம். சிலருக்கு அதன் பிறகு கடி இன்னும் கூடிவிடுகிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமியல்ல, நிக்கல் என்னும் உலோகம். மலிவான நகைகள், ஜீன்ஸ் பொத்தான், பெல்ற் கொக்கி ஆகியவற்றில் அது உண்டு. தாலிக்கொடியில் கொழுவி வைக்கும் சேப்டிபின்னிலும் இருக்கலாம். வியர்வை பட்டால் நிக்கல் கரைந்து தோலில் ஊறும். சிட்னியிலும் மெல்பேணிலும் கோடை வெயிலில் தொல்லை கூடுவது இதனால்தான். 22 கரட் தங்கத்தில் வழக்கமாக நிக்கல் சேர்ப்பதில்லை. வெள்ளைத் தங்கம் பலவற்றில் அது உண்டு.

அப்படியானால் கிருமிக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. பற்றீரியாவின் நச்சுப்பொருளை உணரும் அதே ஏற்பியை நிக்கலும் தூண்டுகிறது என்று 2010இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினர். பற்றீரியாப் பொருள் சேரும்போது எலிகளில் உலோக ஒவ்வாமை வலுப்பதை ஜப்பானிய ஆய்வுகள் கண்டன. ஆகவே கிருமியைக் கொன்றால் ஒவ்வாமையும் குறையுமோ என்று எண்ணுவது நியாயமே. ஆனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இத்தகைய களிம்புகள் பலவற்றில் உள்ள நியோமைசின் சிலருக்குத் தானே ஒவ்வாமை தரும். அமெரிக்கத் தோலழற்சி நிபுணர் சங்கமொன்று ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று 2008இல் நிக்கலையும் 2010இல் நியோமைசினையும் அறிவித்தது. ஒரு கடியை மாற்றப்போய் இன்னொன்றை வாங்கிக்கொள்கிறோம்.

என்ன செய்யலாம்? முதலில் நகையைக் கழற்றுவோம். தாலியைக் கழற்ற மனம் வராத சகோதரிகள் அந்த ஊசியையாவது எடுத்துவிடலாம். சீழ், சூடு, காய்ச்சல் கண்டால் அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும். தாமதியாமல் வைத்தியரிடம் போகவேண்டும். அன்ரிபயோற்றிக் வேண்டுமா என்று அவர் சொல்வார். கடி மட்டும் நீடித்தால், குடும்ப வைத்தியரின் கடிதத்துடன் தோல் நிபுணரைக் காணலாம். முதுகில் சிறு ஒட்டுகளை இரண்டு நாள் வைத்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிவார்கள். பூசிய களிம்பையும் கையோடு கொண்டுபோங்கள். ஆங்கிலம் தடையென்றால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

பிள்ளைக்குக் காது குத்தும்போது முதல் தோடு நல்ல தங்கமாக இருக்கட்டும். பலருக்கு நிக்கல் ஒவ்வாமை அந்தச் சிறு துளையில்தான் தொடங்குகிறது. தொடங்கினால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூடவரும்.