ஒரு நிழல், இரண்டு சொல்

மரத்தின் 'ஷேடோ'வில் உட்கார்ந்து மாங்காய் தின்றோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், எட்டாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து 'ஷேடு' என்று திருத்தி, மதிப்பெண்ணிலும் கை வைத்துவிட்டார். "ரெண்டும் நிழல்தானே மாமா?" என்று நோட்டோடு வந்து நின்றாள். டீ கொதித்துக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன்.

நிழல்தான். நமக்கு அந்த ஒரு சொல்லே இரண்டுக்கும் போதும். ஜெர்மன்காரர்களும் 'ஷாட்டன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வெயில் படாத இடம் ஷேடு. வெளிச்சத்தை மறிக்கும் பொருள் தரையிலோ சுவரிலோ போடுகிற உருவம் ஷேடோ. ஒன்றில் போய் ஒதுங்கலாம். மற்றது நம் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும்.

சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் சூரியன் உச்சிவேளையில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது மொட்டை மாடியில் ஒரு குழாயை நிமிர்த்தி வைத்தால் அதற்கு நிழலே விழாது. ஷேடோ இல்லை. ஆனால் தெருமுனை வேப்பமரத்தடியில் ஷேடுக்கு ஒரு குறைவுமில்லை. இஸ்திரி வண்டி அங்கேதான் நிற்கும்.

இந்த இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இருந்தது ஒரே சொல். நம் 'மரம்' வேற்றுமை ஏற்கும்போது 'மரத்தை', 'மரத்தில்' என்று உருமாறுகிறதல்லவா, அதுபோல அதுவும் உருமாறும். எழுவாய் வடிவத்திலிருந்து ஷேடு வந்தது. வேற்றுமை வடிவத்திலிருந்து ஷேடோ வந்தது. நாளடைவில் வேற்றுமை இலக்கணம் தேய்ந்துபோக, இரண்டும் தனித்தனிச் சொற்களாகி ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டன. புல்வெளியைக் குறிக்கும் 'மீட்', 'மெடோ' கதையும் இதேதான். அதில் மீட் வழக்கொழிந்தே போய்விட்டது.

பங்காளிகள் வரப்பைத் தாண்டுவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால் கோவைப் பக்கத்தை நாம் மழை மறைவுப் பகுதி என்கிறோம். அது இடம்தான்; ஆனாலும் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'ரெயின் ஷேடோ'. ஜவுளிக்கடையில் "இதுலயே லைட் ஷேடு காட்டுங்க" என்கிறோமே, அந்த ஷேடில் ஒதுங்கவும் முடியாது.

டீ ஆறிப்போயிருந்தது. மரத்தின் ஷேடோவில் உட்கார்வது இலக்கணப்படி தப்பே இல்லை. தரையில் விழுந்த அந்த உருவத்துக்குள் உட்கார்ந்தேன் என்று ஆகும். ஆனால் இவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி மாங்காய் தின்னப் போனவர்கள். அதற்கு ஷேடுதான் சொல். ஆசிரியர் திருத்தியது சரி. மதிப்பெண்ணைக் குறைத்திருக்க வேண்டாம்.