பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு படக்கொட்டகை

திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கமும் பேகம்பூர்ப் பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளிலே முன்னறை என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்டதாக இருக்கும். நாற்காலிகள், பீரோ, தொலைக்காட்சிப் பெட்டி, பிள்ளைகளின் புத்தகப் பைகள் எல்லாம் அதிலே குடியேறிய பிறகு மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள் உட்கார வேண்டும். இத்தகைய அறையில் சினிமாக் கொட்டகையில் கேட்பதைப் போல நாற்புறமிருந்தும் சப்தம் வந்து சூழ வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், அதைப் பேராசை என்று சிலர் சொல்லக்கூடும். என் அபிப்பிராயம் வேறு. அறை சிறியது என்பதால் ஒலிக்கு விளையும் நஷ்டம் சொற்பம். கல்யாண மண்டபத்துக்கு வேண்டிய சாமானைத் தேடிப் பிடித்து முன்னறைக்கு வாங்கி வருவதால் விளையும் நஷ்டமே அதிகம்.

சூழொலி என்பது புதிய சங்கதி அன்று. 1940ஆம் ஆண்டிலேயே வால்ட் டிஸ்னியின் ‘ஃபாண்டேஸியா’ படத்துக்காகத் திரைக்குப் பின்னால் மட்டுமின்றி அரங்கினுள்ளும் ஸ்பீக்கர்களை வைத்து இசையை நகர்த்திக் காட்டினார்கள். நம் ஊர்க் கொட்டகைகளுக்கு அந்த வைபவம் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 1986இல் ‘மாவீரன்’ 70 எம்.எம். திரையோடும் ஆறு தட ஸ்டீரியோ ஒலியோடும் வந்தது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி சூழொலியோடு வந்தது. 2012இல் ‘சிவாஜி’ முப்பரிமாண வடிவத்தில் மறுபடி வெளியானபோது, தலைக்கு மேலிருந்தும் சப்தம் இறங்கும் டால்பி அட்மாஸ் முறையையும் கூடவே கொண்டுவந்தது. இன்றோ, மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படங்களிலே இந்த ஒலித் தடங்கள் பல சமயம் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து சேருகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் பொருத்திய இரண்டு சிறு ஸ்பீக்கர்களுக்கு அவற்றை வெளியிடும் யோக்கியதை இல்லாமையால், வந்தது தெரியாமலே போய்விடுகின்றன.

வீட்டுச் சூழொலி ஆம்ப்ளிஃபயர் செய்கிற காரியம் மூன்று வகைப்படும். சுருக்கி அனுப்பப்பட்ட எண்வடிவ ஒலியை அது முதலில் பிரித்தெடுக்கிறது. பிரித்த தடங்களை அறைக்குத் தக்கபடி காலமும் அளவும் திருத்திக் கொடுக்கிறது. பின்னர் ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியே சக்தியேற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. 5.1 என்று பெட்டியின் மேல் அச்சிடுவது முன்னால் இடம், நடு, வலம் என மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஐந்து முழுத் தடங்களையும், 120 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட கனத்த சப்தங்களை மட்டும் ஏந்திவரும் ஒரு சப்வூஃபர் தடத்தையும் குறிப்பதாகும். இந்த முதற்காரியமாகிய பிரித்தெடுத்தல் உள்ளே நடக்கிறதா இல்லையா என்பதைத்தான் வாங்குகிறவர் முதலில் விசாரிக்க வேண்டும். அநேகமாக யாரும் விசாரிப்பதில்லை.

இங்கே நம் பக்கத்து அசெம்பிள் செட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் சூழொலியின் ருசியை முதலில் காட்டியது அயல்நாட்டுக் கம்பெனிகள் அல்ல, ரேடியோ மெக்கானிக்குகளே. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த உதிரிச் சாமான்களைக் கொண்டு, டி.டி.ஏ. 7294 என்ற ஐ.சி.யையோ 5200, 1943 என்று எண்ணைச் சொல்லியே அழைக்கப்படும் டிரான்ஸிஸ்டர் ஜோடியையோ கனத்த அலுமினிய ஹீட்சிங்க்கில் திருகி, வளைய வடிவ டிரான்ஸ்பார்மரை நடுவில் இருத்தி, முகப்பில் பாஸ், ட்ரெபிள் குமிழ்களை வரிசையாகப் பொருத்தி அவர்கள் தயாரிக்கும் பெட்டிக்கு ஒரு கம்பீரம் உண்டு. பழுதானால் அதே தெருவில் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது சாமானிய அனுகூலமன்று. ஆனால் அப்பெட்டிகள் பலவற்றில் இருப்பது ‘ப்ரோலாஜிக் போர்டு’ என்று கடைகளில் விற்கும் ஒரு சிறு சர்க்யூட்; இடத்து ஒலியையும் வலத்து ஒலியையும் கூட்டி நடு ஸ்பீக்கருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பின் ஸ்பீக்கர்களுக்கும் அது அனுப்புகிறது. இந்தக் கூட்டல் கழித்தலால் பாட்டு விசாலமாகக் கேட்கும். தபேலா முன்னேயும் வயலின்களின் எதிரொலி பின்னேயும் பிரிந்து நிற்பதுபோல் ஒரு பிரமை உண்டாகும். படத்தின் உண்மையான ஆறு தடங்கள் அவ்வழியே வருவதில்லை. பின்புறத்தில் வெள்ளையும் சிவப்புமான ஆர்.சி.ஏ. துளைகள் மட்டும் இருந்து, ஆப்டிகல் துளையோ எச்.டி.எம்.ஐ. துளையோ இல்லாவிட்டால், உள்ளே தடங்களைப் பிரித்தெடுக்கும் டிகோடர் இல்லை என்றே கொள்ளலாம். தற்காலத்தில் டால்பி, டி.டி.எஸ். பிரிக்கும் டிகோடர் போர்டுகளும் தனியே கிடைப்பதால், நல்ல கைவேலைக்காரர் ஒருவர் வாய்த்தால் அசெம்பிள் செட்டையே அவரிடம் முறையாகச் செய்துகொள்வதை நான் குறைவாக மதிக்கமாட்டேன்.

அடுத்தது வாட் என்னும் மாயை. பன்னிரண்டு வோல்ட், மூன்று ஆம்பியர் அடாப்டரால் ஓடும் சிறு பெட்டியின் மேல் ஐயாயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று பொன்னெழுத்தில் போட்டிருப்பதைக் காணலாம். அந்த அடாப்டர் தரக்கூடிய சக்தி மொத்தம் முப்பத்தாறு வாட்தான். உள்ளே போகாத சக்தி வெளியே எப்படி வரும் என்று கேட்டால் கடைக்காரர் சிரித்துக்கொள்வார். ஆர்.எம்.எஸ். என்ற அளவே நம்பத்தக்கது; அதிலும் எத்தனை ஸ்பீக்கர்களை ஏககாலத்தில் இயக்கி அளந்தார்கள், எத்தனை ஓமில் அளந்தார்கள் என்ற விவரம் வேண்டும். பெரிய கம்பெனிகளுங்கூட இரண்டே தடங்களை இயக்கி அளந்த எண்ணை ஐந்து தடங்களுக்கும் உரியதுபோல் தோன்றும்படி அச்சிடுவது சகஜம்.

சரி, சிறிய அறைக்கு எத்தனை வாட்தான் வேண்டும்? ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் ஒலிக்கும் சாதாரண ஸ்பீக்கரை எட்டடி தள்ளி உட்கார்ந்து கேட்டால், அறைச் சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்துச் சுமார் 80 டெசிபல் செவிக்கு எட்டும். இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் பேச்சு 60 டெசிபலை ஒட்டியது. அதாவது, படத்தில் கதாநாயகன் தாயாரிடம் விடைபெறும் காட்சிக்குச் செலவாவது ஒரு வாட்டில் ஒரு சிறு பின்னமே. ஐம்பது வாட் கொடுத்தால் அதே ஸ்பீக்கர் 97 டெசிபலைத் தொடும். அதற்கு மேல் அந்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. பணத்தை மேலும் கொட்டி நூறு வாட் வாங்கினாலோ கிடைக்கும் லாபம் மூன்று டெசிபல். சக்தியை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாவதில்லை. செவிக்கு இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமானால் சக்தி ஏறக்குறைய பத்து மடங்கு உயர வேண்டும். தவிரவும், மிகுதியான சக்தியை விழுங்கும் கனத்த சப்தங்களைத் தனக்கென்று சொந்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் சப்வூஃபர் ஏற்றுக்கொண்டுவிடுவதால் மற்ற ஐந்து தடங்களின் பாரம் இன்னும் குறைந்துபோகிறது.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், மெலிந்த உருவமுடைய ஆம்ப்ளிஃபயர்களை நோக்கி மனம் தைரியமாகத் திரும்பும். மராண்ட்ஸ் கம்பெனியின் என்.ஆர். 1510, அதன் பின் வந்த சினிமா 70எஸ் போன்றவை தடத்துக்கு ஐம்பது வாட் என்று அடக்கமாகவே சொல்லிக்கொள்ளும் யந்திரங்கள். உயரம் நாலு அங்குலத்துக்குச் சற்று அதிகம். யமஹா, டெனான், ஸோனி ஆகியவற்றின் ஆரம்பநிலை 5.1 பெட்டிகள் விலையில் இவற்றைவிடச் சகாயமானவை. உயரம் மட்டும் கூடும். கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தைக் கொண்டு தரம் சொல்வது, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குப் பேர்போன நம் ஊர்க்காரருக்குக் கைவந்த வித்தை. டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய முறை ஆம்ப்ளிஃபயருக்கு அந்தப் பரீட்சை ஓரளவு பொருந்தும். ‘கிளாஸ் டி’ என்னும் முறையில் இயங்கும் புதிய பெட்டிகளோ உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஒலியாக்கும் பாதைக்கே தந்துவிட்டு மிகக் குறைவாகச் சூடாவதால், கனமில்லாமலே தரமாக இருக்கக்கூடும்.

சூடு என்பதை இங்கே அலட்சியம் செய்யலாகாது. சித்திரை வைகாசியில், கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும் ஊரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் காற்று முன்னரே காய்ந்துதான் இருக்கும். அந்த அறையில், சுவரிலேயே கட்டிய சிமெண்ட் அலமாரியினுள் ஆம்ப்ளிஃபயரை நுழைத்து, அதன் மேல் செட்டாப் பெட்டியை வைத்து, அதன் மேல் துணியும் போர்த்தி வைக்கிற வீடுகள் எத்தனையோ! மேலே ஓர் அரையடியாவது திறந்த வெளி வேண்டும். ஆழமும் கவனிக்கத்தக்கது: இந்தப் பெட்டிகள் உயரத்தில்தான் மெலிந்தவை, ஆழம் பதினைந்து அங்குலத்தை நெருங்கும், ஒயர்களின் வளைவுக்கு இன்னும் மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஓரடி ஆழ அலமாரி உதவாது.

மின்சாரமும் ஒரு விஷயம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு அமைந்தது. நம் 230 வோல்ட்டில் சொருகிய மறுகணமே அதன் ஆயுள் முடிந்துவிடக்கூடும். சிங்கப்பூர்ப் பெட்டிக்கு அந்த ஆபத்து இல்லை. மின்வெட்டு நேரத்தில் மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் உறுமும். ஸைன் அலை இன்வெர்ட்டர் உத்தமம். எல்லாம் சரியாக இருந்தும் ஓயாமல் ‘ம்ம்’ என்று ஒரு ஹம் கேட்குமானால், கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சப்தம் நின்றுவிட்டால், குற்றம் ஆம்ப்ளிஃபயருடையதன்று. ஒயர் வழியாக வந்து சேரும் இன்னொரு எர்த்துடையது.

இனி அறையின் குணம். பன்னிரண்டடிச் சுவர்களுக்கிடையே 48 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியும், பத்தடிச் சுவர்களுக்கிடையே 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியும் தமக்குள்ளே மோதி நிலைத்த அலைகளாக நின்றுவிடும். கான்கிரீட் கூரையும் பத்தடி உயரத்திலேயே இருந்துவிட்டால் அகலமும் உயரமும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு, பாட்டில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும். ஓரடி நகர்ந்து உட்கார்ந்தாலோ அதே ஸ்வரம் காணாமற்போகும். மைக்கை நட்டு அறையை அளந்து திருத்தும் ஆடிஸ்ஸி, ஒய்.பி.ஏ.ஓ. போன்ற ஏற்பாடுகள் இந்த அதிர்வை வெகுவாகத் தணிக்கும். காணாமற்போன ஸ்வரத்தை மீட்க அவற்றாலும் முடியாது. அதற்கு ஓர் உபாயம் உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியின் மேல் வைத்துப் பாஸ் மிகுந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ, அங்கே சப்வூஃபரை இறக்கி வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய பதினாலடி, அதாவது அறையின் நீளத்தையே மிஞ்சியது. ஆகையால் அதற்குக் கீழ்ப்பட்ட சப்தம் எந்த மூலையிலிருந்து வருகிறதென்று செவி கண்டுகொள்ளாது; ஸ்வரங்கள் சமமாகக் கேட்கும் இடம் எந்த மூலையில் அமைந்தாலும் பாதகமில்லை.

மேல் ஸ்தாயிக்கு வேண்டியது துணிதான். டைல்ஸ் தரையும் வெறுஞ் சுவருமான அறையில் கைதட்டினால் கிணுகிணுவென்று ஒரு வால் தொடரும்; கனத்த திரையும், தரையில் விரித்த ஜமக்காளமும், எதிர்ச்சுவரில் ஒரு புத்தக அலமாரியும் அந்த வாலை நறுக்கிவிடும். பக்க ஸ்பீக்கர்களைப் பின்சுவரில் மாட்டும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். நாற்காலி சுவரை ஒட்டியிருக்கும் சிறிய அறையில், காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றே பின்தள்ளி, தலைக்கு ஓரடி மேலே மாட்டுவதே பொருத்தம். அட்மாஸுக்கென்று கூரையில் துளையிடுவதைப் பற்றி வாசகர்கள் கேட்பார்கள். பத்தடி அறையில் அதற்காகச் செலவழிக்கும் பணத்தை நடு ஸ்பீக்கருக்குக் கொடுங்கள் என்பேன். தமிழ்ப் படத்தின் வசனம் பெரும்பாலும் அந்த ஒரு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. வசனம் விளங்காத படத்துக்கு மழை எந்தப் பக்கம் பெய்தால் என்ன?

தொலைக்காட்சியோடு இணைக்க எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை இரு பெட்டிகளிலும் இருந்தால் ஒரே ஒயர் போதும். பல ஆம்ப்ளிஃபயர்களில் எஃப்.எம். வானொலியும் கூடவே வருகிறது; மலைமேல் நின்று சமவெளி முழுவதையும் எட்டும் கொடைக்கானல் வானொலியின் 100.5 மெகாஹெர்ட்ஸை நல்ல ஸ்பீக்கரில் கேட்பது வேறோர் அனுபவம்.

கடையில் வெடிச் சப்தமும் கார்த் துரத்தலும் கொண்ட காட்சிகளையே போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் இருவர் தாழ்ந்த குரலில் பேசும் ஒரு காட்சியைப் போடச் சொல்லி, இரவு பத்து மணிக்கு உங்கள் வீட்டில் எந்த அளவுக்கு வைப்பீர்களோ அந்த அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு வார்த்தையும் விளங்கினால் விலை பேசுங்கள். பழுதானால் பெட்டியைத் திண்டுக்கல்லிலேயே ஒப்படைக்கலாமா, மதுரைக்குச் சுமக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டு, பில்லும் உத்தரவாதச் சீட்டும் கைக்கு வராமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.